தீவில் மரம் நடுவதற்கு முன்னால்

கேட்கப்பட்டது இதுதான். சிறு தீவு ஒன்றில் குடியிருக்கும் சிலர் சேர்ந்து, அந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளையும் பறவைகளையும் காப்பாற்ற ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். அறிவியல் படித்தவர் யாரும் அதில் இல்லை. "வரும் மழைக்காலத்தில் ஆயிரம் கன்று நடலாமென்று இருக்கிறோம், சரிதானா? இது அரசும் ஆராய்ச்சியாளர்களும் பார்க்க வேண்டிய வேலை ஆயிற்றே, எங்களால் ஆகுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆகும். சொல்லப்போனால் உங்களை விட்டால் அதற்கு வேறு ஆள் இல்லை. ஆராய்ச்சியாளர் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், திட்டப் பணம் தீர்ந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஒரு சாதாரண நாளின் அதிகாலையில் படகுத்துறையில் ஓடும் எலியைப் பார்க்கப் போவது நீங்கள்தான். கன்று நடுவதைப் பற்றிக் கேட்டால், தள்ளிப் போடுங்கள். குறைந்தது ஒரு வருஷமாவது. ஏன் என்று விளக்கினால் கொஞ்சம் நீளும்.

தீவு உயிர்களின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலையின் வரிசை தானாகவே புரிந்துவிடும். நடுக்கடல் தீவுகளுக்குப் பறந்தோ மிதந்தோ வரத் தெரிந்த உயிர்கள் மட்டுமே வந்து சேர்ந்தன. பல தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. முட்டையைத் திருட ஆளில்லாததால் பறவைகள் தரையில் கூடு வைத்தன, சில இனங்கள் பறப்பதையே விட்டுவிட்டன. மேய்கிற விலங்கு இல்லாததால் செடிகளும் தற்காப்பைக் கைவிட்டன. ஹவாயில் ஆகலா என்று ஒரு ராஸ்பெரி இருக்கிறது, அதில் முள் பெயருக்குத்தான். புதினா குடும்பத்துச் செடிகள் பலவற்றில் அங்கே புதினா வாசனையே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஆடு, எலி, பூனை வந்து இறங்கினால் எதிர்த்து நிற்க எதுவும் இருக்காது. பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருஷங்களில் சரக்கோடு சரக்காக வந்த பழுப்பு மரப்பாம்பு, சில பத்தாண்டுகளில் அங்கிருந்த காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்துவிட்டது. பழம் தின்று விதை பரப்பப் பறவை இல்லாமல் இப்போது மரங்களும் தடுமாறுகின்றன. காடெங்கும் சிலந்தி வலை மண்டிக் கிடக்கிறது. அங்கே போய் ஆயிரம் கன்று நட்டால் அந்தக் காடு திரும்பி வந்துவிடுமா?

அதனால்தான் சொல்கிறேன், முதல் வேலை காவல். நடுகை அதற்கு வெகு பின்னால் வருகிறது.

ஊர்மக்களின் கண் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சம்பவம். நியூசிலாந்தின் தென்கோடியில், ஸ்டூவர்ட் தீவுக்குப் பக்கத்தில் பிக் சவுத் கேப் என்று ஒரு தீவு இருக்கிறது. மவோரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பருவத்துக்குப் பருவம் அங்கே போய் டீட்டீ என்னும் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து வருவார்கள். அவர்களுக்கு அந்தத் தீவின் ஒவ்வொரு வளையும் தெரியும். 1964இல் போனவர்கள் தீவு முழுக்க எலி பெருகியிருப்பதைக் கண்டு தகவல் சொன்னார்கள். படகுகளோடு வந்திருக்க வேண்டும். ஆனால் அறிவியல் வட்டாரத்தில் சிலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலியால் ஒரு இனமே அழியுமா, பொறுத்துப் பார்ப்போமே என்றார்கள். வனவிலங்குத் துறையின் சிறு குழு ஒன்று பொறுக்காமல் கிளம்பிப் போய், சேடில்பேக் என்ற பறவையில் 36 உருப்படிகளைப் பிடித்துப் பக்கத்துத் தீவுகளில் விட்டது. தென்தீவு சேடில்பேக் இன்று உயிரோடு இருப்பது அந்த 36ஆல்தான். அதே தீவில் கடைசியாக ஒதுங்கியிருந்த புதர்க் குருவி ஒன்று, உள்ளான் ஒன்று, பெரிய குட்டைவால் வௌவால், இந்த மூன்றும் போயே போய்விட்டன. எலியைப் பற்றி அந்த நாட்டு நிபுணர்களின் பார்வை மாறியதற்கு அந்த இழப்பு முக்கியக் காரணம். மக்கள் சரியான நேரத்தில்தான் சொன்னார்கள். கேட்க வேண்டியவர்களில் சிலர் தாமதித்தார்கள். உங்கள் குழு எதைப் பார்த்தாலும் தேதி போட்டு எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வாய்வார்த்தையைத் தள்ளிவிடுவது சுலபம், நோட்டுப் புத்தகத்தைத் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

ஊரே முன்னின்று ஒரு பறவையை மீட்டதைப் பார்க்க வேண்டுமென்றால் ரரோடோங்காவைப் பாருங்கள். பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளின் தலைத்தீவு அது. அங்கே மட்டுமே வாழ்ந்த ககெரோரி என்ற சிறு பறவை, இளம் வயதில் ஆரஞ்சு நிறத்திலும் வளர வளரச் சாம்பல் நிறத்திலும் இருக்கும். 1989இல் எண்ணியபோது உலகத்திலேயே 29தான் மிச்சம். கூடுகளைக் காலி செய்தது கப்பல் எலி என்ற எலி இனம். பதினாயிரத்துக்கு மேல் ஜனங்கள் வாழும், சரக்கு வந்திறங்கும் தீவில் எலியைப் பூண்டோடு ஒழிப்பது நடக்காத காரியம். அதனால் வேறு மாதிரி யோசித்தார்கள். பறவை வாழும் பள்ளத்தாக்குகளில் மட்டும், முட்டையிடும் பருவத்தில் மட்டும், வரிசையாக நச்சுப் பெட்டி வைத்து எலியைக் குறைத்தார்கள். கூடு இருந்த மரங்களின் அடித்தண்டில் எலி ஏற முடியாதபடி தகடு சுற்றினார்கள். இதையே வருஷா வருஷம் செய்தார்கள். 1996இல் அந்த நிலங்களின் சொந்தக்காரர்களான மூன்று குலத்தார் சேர்ந்து, 155 ஹெக்டேரைத் தாகிடுமு பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தார்கள். நிர்வாகம் அவர்கள் கையில். பார்க்க வருபவர்களை வழிகாட்டி கூட்டிப் போவார், அந்த வருமானம் எலி வேலைக்குப் போகும். பறவை நூற்றுக்கணக்கில் பெருகியது. 2001 முதல் 2003 வரை 30 பறவைகளை, கப்பல் எலி இல்லாத ஆடியூ தீவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு புயலில் எல்லாம் போய்விடக்கூடாது என்ற முன்யோசனைதான்.

நிலம் அவர்களுடையதாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். யாரோ வந்து வேலி போட்டு "உள்ளே வராதே" என்று சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் நச்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் யார் ஏறுவார்கள்?

சரி, உங்கள் தீவுக்கு வருவோம்.

முதல் வருஷம் வெறுமனே பாருங்கள். எந்தச் செடி மண்ணுக்குரியது, எது வெளியிலிருந்து வந்தது என்று ஒரு பட்டியல். எந்த மரம் எப்போது பூக்கிறது, காய் எப்போது விழுகிறது. இதை வயதானவர்களிடம் கேளுங்கள். "அந்தப் பாறைக்குப் பின்னால் முன்பெல்லாம் ஒரு கொடி இருந்தது" என்று யாராவது சொன்னால் அங்கே ஏறிப் பாருங்கள். மொரிஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவில் ஒரு பள்ளி ஆசிரியர் 1980 வாக்கில் தாவரப் படம் ஒன்றைக் காட்டி, இப்படி ஏதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு பையன் அப்படியொரு கிளையைக் கொண்டுவந்து நீட்டினான். அழிந்தே போனதாக நினைத்திருந்த கஃபே மரோன் என்ற செடி. உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். 1986இல் அதன் தண்டுத் துண்டுகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேர் பிடித்துப் பூத்தது, ஆனால் விதை பிடிக்கவில்லை. 2003இல்தான் விதை கிடைத்தது. நாற்றுகள் பின்பு சொந்த மண்ணுக்குத் திரும்பின. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. செய்தி பரவியதும், அது மருந்துச் செடி என்று நம்பியவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கிளை கிளையாக ஒடித்துப் போனார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியிருந்தது. ஆகவே அரிதான ஒன்றைக் கண்டுபிடித்தால் இடத்தைச் சொல்லாதீர்கள். படத்தில் பின்னணி தெரியாமல் எடுங்கள், போனில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள்.

பார்ப்பதோடு கூடவே நடக்க வேண்டியது வாசல் காவல். தீவுக்கு வாசல் என்பது படகுத்துறைதான். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் சலித்துப்போய் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

எலி இருக்கிறதா என்று அறிய வலை, பொறி எல்லாம் அப்புறம். முதலில் கடிக்க ஏதாவது கொடுங்கள். சாக்லேட் மணமூட்டிய மெழுகுக் கட்டியைக் கம்பியில் கோத்து, இரு பக்கமும் திறந்த சிறு பெட்டிக்குள் கட்டி வைப்பார்கள். அல்லது உள்ளே நெளிநெளியாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டையின் ஓரங்களில் வேர்க்கடலை விழுதை அப்பி மரத்தில் ஆணி அடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எலி கடித்திருந்தால் இரண்டு முன்பற்களின் தடம் பக்கத்தில் பக்கத்தில், சின்ன உளியால் இழுத்த மாதிரி ஜோடிக் கோடாக இருக்கும். சுண்டெலியின் தடம் அதே மாதிரிதான், ஆனால் ஊசியால் கீறியதுபோல மெல்லிசு. நண்டு கடித்தால் கோடே இருக்காது, கிள்ளி எடுத்ததுபோல ஓரம் பிய்ந்திருக்கும். வெப்பமண்டலத் தீவுகளில் இந்த நண்டுகள் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. எலிக்கு வைத்ததை எல்லாம் அவை தின்றுவிடும், அதனால் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். கடிபட்ட கட்டியைத் தூக்கி எறியாமல் தேதி எழுதி உறையில் போட்டு வையுங்கள்.

அப்புறம் செருப்பு, காலணி, பை. களைச் செடிகளின் விதை காலணி அடிப்பள்ளத்திலும் நாடா முடிச்சிலும் ஒட்டுப் பட்டையிலும்தான் (வெல்க்ரோ) பயணம் செய்யும். ஒட்டுப் பட்டையை விரித்து ஒரு குண்டூசியால் நோண்டிப் பாருங்கள், புல் விதை பத்தாவது வரும். ஹவாயில் ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை சேற்றிலும் கருவிகளிலும் ஒட்டிப் பரவுவதால், காட்டுப் பாதை வாசல்களில் தூரிகையும் தெளிப்பானும் வைத்திருக்கிறார்கள். உங்கள் துறையிலும் ஒரு கட்டைத் தூரிகையைக் கயிற்றில் கட்டி வையுங்கள். செலவு அவ்வளவுதான்.

அடுத்தது அகற்றும் வேலை. இதில் அவசரம் ஆபத்து. ஒன்றை எடுத்தால் இன்னொன்று தலைதூக்கும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே மக்குவாரி தீவில் பூனைகளை ஒழித்தார்கள், அப்புறம் முயல்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையடித்தன. பூனை போனது அதற்கு ஒரு காரணம். பிறகு முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழிக்கப் பெரும் முயற்சி வேண்டியிருந்தது. 2014இல்தான் அது முடிந்தது. ஆட்டை அகற்றினால் அதுவரை ஆடு கடித்துக் கட்டுக்குள் வைத்திருந்த களைக்கொடி காட்டையே மூடிவிடலாம். ஒரு தொல்லையை ஒழிக்க இன்னொரு உயிரைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பசிபிக்கில் தாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையைத் தின்னட்டும் என்று 1977இல் வேட்டை நத்தை ஒன்றை விட்டார்கள். அது அங்கேயே பிறந்து வளர்ந்த பார்டுலா மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. உயிரியல் பூங்காக்களில் பிழைத்த மிச்சத்தைத்தான் இப்போது பாலினீசியத் தீவுகளில் திரும்ப விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எலி நஞ்சு விஷயத்தில் மட்டும் நீங்களாக இறங்காதீர்கள். அது சட்ட அனுமதியும் பயிற்சியும் வேண்டிய வேலை, தின்ற எலியைத் தின்னும் பறவையும் சாகும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லார்ட் ஹவ் தீவில் 2019இல் நஞ்சு வைப்பதற்கு முன், பறக்காத வுட்ஹென் பறவைகளில் பெரும்பகுதியைப் பிடித்துக் கூண்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

அந்தத் தீவின் கதையை முழுசாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதர்கள் தரப்பு அதில்தான் நன்றாகத் தெரிகிறது. 1918இல் தரைதட்டிய ஒரு கப்பலிலிருந்து எலிகள் கரையேறின. சில வருஷங்களில் அங்கே மட்டுமே இருந்த ஐந்து பறவை இனங்கள் ஒழிந்தன. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள குச்சிப் பூச்சி ஒன்றும் மறைந்தது. 2001இல் சற்றுத் தள்ளி நிற்கும் பால்ஸ் பிரமிட் என்ற செங்குத்துப் பாறையில், ஒரே புதருக்கு அடியில் அது உயிரோடு இருப்பதைப் பார்த்தார்கள். இத்தனை நடந்த ஊரிலேயே, எலியை ஒழிக்கலாமா என்று 2015இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 52 சதவீதம்தான். மொத்தம் சில நூறு பேர் வாழும் ஊர். எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. குழந்தைகள், கறவை மாடுகள், குடிநீர், சுற்றுலா எல்லாவற்றையும் நினைத்துப் பயந்தார்கள். பல வருஷம் பேசித்தான் வேலை ஆரம்பித்தது. எலி குறைந்ததும் வுட்ஹென் கிடுகிடுவெனப் பெருகியது, மரத்தடியில் நாற்றுகள் முளைத்தன. 2021இல் மறுபடி எலி கண்ணில் பட்டது. உடனே நாய்களும் பெட்டிகளும் திரும்பவும் களத்தில் இறங்கின. உங்கள் ஊரிலும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பூனை வளர்ப்பவரிடம் "பூனையைக் கொடு" என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முறிந்துவிடும். கருத்தடை செய்து ராத்திரியில் வீட்டுக்குள் வைக்கச் சொல்வது முதல் படி.

இங்கிலாந்தின் சில்லி தீவுகளில் செயின்ட் ஆக்னஸ் என்று ஒரு குட்டித் தீவு, எண்பது பேர் சுமார். அங்கே 2013இல் எலியை ஒழிக்கும்போது குப்பைத் தொட்டி, மாட்டுத் தீவனம், உரக்குழி என்று ஒவ்வொரு வீடும் தன் பங்கைச் செய்தது. எலியைப் பார்த்ததாகத் தோன்றினால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். அடுத்த வருஷமே மேங்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் வளையிலிருந்து வெளியே வந்தன. அங்கே இப்போது வாழ்பவர் எவரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மீனவர்களிடம் பேசும்போது இன்னொரு விஷயம் கைகொடுக்கும். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் பல நூறு மடங்கு அதிகம். அவற்றின் எச்சம் மழையில் கரைந்து பவளப்பாறைக்கு உரமாகிறது, அந்தப் பாறைகளைச் சுற்றி மீனின் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பறவைக்காகக் கவலைப்படாதவரும் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது உங்கள் ஆயிரம் கன்றுகள். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பக்கத்தில் டிரிடிரி மடாங்கி என்ற 220 ஹெக்டேர் தீவில், விவசாயம் 1971இல் நின்றது. காடு தானாக வரட்டும் என்று விட்டுப் பார்த்தார்கள். புல்லும் பெரணியும் மண்டி நாற்றை எழவிடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், 1984 முதல் பத்து வருஷம் தன்னார்வலர்கள் படகு படகாக வந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் மரம் நட்டார்கள். விதையைப் பெரும்பாலும் அந்தத் தீவிலேயே பொறுக்கி, தீவிலேயே நாற்றங்கால் போட்டார்கள். திறந்த புல்வெளி வேண்டிய டாகாஹே போன்ற பறவைகளுக்காகத் தீவின் ஒரு பகுதியை நடாமலே விட்டார்கள். உங்களுக்கும் அந்த நிலை வரலாம். வராமலும் போகலாம். ஆடு இல்லாத இரண்டு மழைக்குப் பிறகு தானாக முளைத்திருப்பதைப் பார்த்து அசந்துபோய், நடும் திட்டத்தையே கிழித்துப் போட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளி நாற்றங்காலில் வாங்கிய கன்று மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் ஒருமுறை அந்தத் தவறைச் செய்தோம். செடி சரியான இனம்தான், பையில் இருந்த மண்ணில் எறும்புக் கூடு இருந்தது. அதைத் தொலைக்க மூன்று வருஷம் ஆயிற்று. நத்தை முட்டை, புழு, பூஞ்சை எல்லாம் அந்த ஒரு கை மண்ணில் வரும்.

விதை முளைக்கவில்லை என்றால் விதையைக் குறை சொல்லாதீர்கள், அதைத் தின்று கழிக்க வேண்டிய விலங்கு இன்று இல்லாமல் இருக்கலாம். மொரிஷியஸை ஒட்டிய ஈல் ஓ எக்ரெட் தீவில் கருங்காலிப் பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தன. அவற்றைத் தின்று பரப்பிய ஆமை இனம் எப்போதோ அழிந்துவிட்டது. 2000இல் அதற்குப் பதிலாக அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தாய் மரத்திலிருந்து தள்ளி, ஆமைச் சாணத்திலிருந்து கருங்காலி நாற்று முளைக்கிறது. இது நிபுணர்களோடு மட்டுமே செய்ய வேண்டிய காரியம். உங்களால் ஆகக்கூடியது, பழுத்த பழத்தின் சதையைக் கையால் உரித்துக் கழுவி, நிழலில் விதைத்துப் பார்ப்பது.

கன்றுகளுக்குச் சொல்லி வைத்திருந்தால் இந்த வாரமே ரத்து செய்துவிடுங்கள். அந்தப் பணத்தில் மெழுகுக் கட்டிகள் இருபது, கட்டைத் தூரிகை இரண்டு, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கலாம். துறையில் இரண்டு கட்டி, கிடங்கில் இரண்டு, மற்றவற்றைக் கரையோரமாக. வாரம் ஒருவர் முறை வைத்துப் பாருங்கள். நாற்றுப் பைகள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்த பருவத்தில் எந்த மரத்தின் காய் எப்போது விழும் என்று அந்த நோட்டில் இருக்கும், பை அப்போது தேவைப்படும்.